வேலப்பனின் பூண்டு எண்ணெய்

காது வலிக்கென்று தன் வீட்டுப் பிள்ளை கிளினிக் வாசலை மிதிக்காது என்று வேலப்பன் சபதமே போட்டிருந்தான். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற வேலை அவனுக்கு. தோட்டத்து லைன் வீடுகளில் பெயரோ காது வைத்தியர். எந்தப் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெயோடு போய் நின்றுவிடுவான். கூப்பிடக்கூட வேண்டாம்.

இப்போது அவனுடைய நாலு வயது மகள் தனுஜாவுக்கே வலி, கூடவே காய்ச்சல். மூன்று நாளாக அவனும் எண்ணெய் விட்டான். மூன்று நாளாக மனைவி பூவிழியும் டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். அசைவானா மனுஷன்?

நாலாம் நாள் காலையில் தலையணையில் மஞ்சளாகச் சீழ். பிள்ளையின் அழுகை நின்றிருந்தது.

"பாத்தியா? கெட்ட தண்ணி எல்லாம் வெளிய வந்துருச்சு. வலி போச்சு. அவ்வளவுதான்லா" என்று வேலப்பன் நெஞ்சை நிமிர்த்தினான்.

பூவிழி பிள்ளையின் வலித்த இடக்காதுப் பக்கம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தனுஜா பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டாள். திரும்பவில்லை. வேலப்பனுக்குத் திக்கென்றது. விளையாட்டு மும்முரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பூவிழி பின்பக்கம் போய் போன் பேசிவிட்டு அரக்கப்பரக்க ஓடிவந்தாள். பிரிஞ்சாங் டவுனில் இருக்கும் அவள் அக்கா சாந்தினியின் மகனுக்கும் காது வலியாம். கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டாளாம்.

"நீங்க போய்த் தடுங்க. தனுஜாவையும் தூக்கிட்டுப் போலாம். குணமான புள்ளைய நேர்ல பாத்தாத்தான் அவ நம்புவா."

வேலப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எண்ணெய்ப் புட்டியைச் சட்டைப்பையில் போட்டான். காரை எடுத்தான். பனிமூட்டம், வளைவுக்கு வளைவு காய்கறி லோரி. பச்சைப்பிள்ளை டாக்டர் கையில் மாட்டிக்கொள்ளப் போகிறதே என்று வழியெல்லாம் புலம்பினான். பின்சீட்டில் தனுஜா அம்மா மடியில் அனலாகக் கொதித்துக் கிடந்தாள்.

கிளினிக்கில் ஒவ்வொரு நாற்காலியாகத் தேடினான். சாந்தினி இல்லை. உள்ளேயிருந்து தாதி கூப்பிட்டாள்:

"தனுஜா, வேலப்பன் மகள்."

டாக்டர் வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். காதின் பின்புறம் வீக்கம் உண்டா என்று அமுக்கிப் பார்த்தார்.

செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார். சீழ் உடைத்துக்கொண்டு வந்ததால்தான் வலி குறைந்ததாம், குணமானதால் இல்லையாம். "காதுல ஏதாச்சும் விட்டீங்களா?"

"நாந்தான் டாக்டர். எண்ணெய்." வேலப்பன் சட்டைப்பையிலிருந்து புட்டியை எடுத்துக் காட்டினான். "புள்ளைக்குக் காது கேக்குமா?"

மருந்து கொடுத்தால் பெரும்பாலும் ஓட்டை தானாக மூடிவிடும், இரண்டு வாரத்தில் மறுபடி காட்டுங்கள் என்றார். இனி ஒரு சொட்டுக்கூட உள்ளே விடக்கூடாது. காய்ச்சலோடு சீழ் வந்தால், கூப்பிட்டும் திரும்பாவிட்டால், ஒரு நாளும் தாமதிக்காதீர்கள் என்று கண்டித்தார். வேலப்பன் மகளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும் ரோஷம் திரும்பியது. "என்னை ஏமாத்தியா கூட்டிட்டு வரணும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தூக்கிட்டு வந்திருக்க மாட்டேனா?"

"மூணு நாளாச் சொன்னேங்க" என்றாள் பூவிழி. "அக்கா புள்ளைக்குன்னு சொன்ன பிறகுதான் சாவிய எடுத்தீங்க."