சுவாமியாரின் கிழவரும் எங்கள் திதியும்

டோர்ட்மண்ட்,
தை 1988.

அன்பும் அதைவிடக் கூடக் கோபமும் உள்ள தம்பித்துரை அண்ணைக்கு,

தங்கை செல்லம் பனியில் வழுக்கி விழாமல் நிற்கிறேன். அங்கே நீங்களும் அண்ணியும் ஊரடங்குக்கும் நுளம்புக்கும் தப்பிச் சுகமாயிருக்க நல்லூரானைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "இந்தியாவுக்கெண்டு கனகலிங்கம் ஏறின வள்ளம் போய் இரண்டு வருசம். இனியும் பார்த்துக்கொண்டிராதை. வெளிக்கிட்ட நாளின்ர திதியைப் பிடிச்சுத் திவசத்தைச் செய், நெத்திப் பொட்டையும் எடு" என்று எழுதியிருந்தீர்கள். தொலைந்தது என் புருசன், அவசரம் உங்களுக்கு. சரி, திதிக்கு நான் எங்கே போவேன்? இந்த அகதி விடுதியில் பஞ்சாங்கமும் இல்லை, ஐயரும் இல்லை. இருக்கிறதெல்லாம் அவித்த முட்டைக்கோவா இலையும் பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டையும்தான்.

முன் அறைப் பிள்ளை கொறற்றி, இங்குள்ள கத்தோலிக்க மடத்தில் குசினி வேலை செய்கிறவள். இந்த நாட்டுப் பாஷை டொச்சும் கொஞ்சம் பேசுவாள். "அங்க ஒரு கிழட்டுச் சுவாமியார் இருக்கிறார், செல்லமக்கா. நிலவுக் கணக்கெண்டால் அவருக்குச் சாப்பாடும் வேண்டாம்" என்று கூட்டிக்கொண்டு போனாள். போனால், மனுசன் ஒரு லத்தீன் புத்தகத்துக்குள் தலையை விட்டபடி இருக்கிறார். ஆயிரத்திருநூறு வருசத்துக்கும் முந்தி இங்கிலாந்தில் இருந்த ஒரு துறவி எழுதினதாம். சுவாமியார் அவரை "என்ர கிழவர்" என்றுதான் சொல்லுவாராம். ஈஸ்டர் வருகிறதும் நிலவைப் பார்த்துத்தானாம். எல்லாரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டுமென்று கிழவர் கணக்கு எழுதிவைக்க, இந்த நாட்டு மடங்களெல்லாம் அதைக் கையால் பார்த்தெழுதிப் படித்தனவாம். கிறிஸ்து பிறந்ததிலிருந்து வருசத்தை எண்ணுகிற வழக்கத்தை ஊரூராய்ப் பரப்பினதும் அவருடைய எழுத்துத்தானாம். அசூல் என்று இங்கே தந்த என் அகதிக் கடதாசியில் 1988 என்று குத்தியிருக்கிறதும் அந்தாளின் வேலைதான், அண்ணை! செத்தும் மனுசனுக்கு ஓய்வில்லை.

வள்ளம் வெளிக்கிட்டதாக நீங்கள் எழுதின தேதியைச் சுவாமியார் கேட்டுவிட்டு, இடக்கையை விரித்து விரல் மூட்டும் நகமுமாக எண்ணத் தொடங்கினார். நானும் விடவில்லை. என் பாட்டுக்கு விரல் வரியைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். "இரண்டு பேருக்கும் கையில சொறியோ?" என்று கொறற்றி சிரித்தாள். கடைசியில் அன்றைக்கு நிலவுக்கு வயது இருபத்தெட்டு நாள் என்றார் அவர். நான் அதைத் தேய்பிறைத் திரயோதசி ஆக்கினேன். இருட்டுத்தான். வள்ளம் விடுகிறவை இருட்டுத்தானே பார்ப்பினம்.

பிறகும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கேள் பிள்ளை, ஆள் இருக்கோ இல்லையோ எண்டு பார்க்கிறதுக்கும் கிழவர் ஏதும் கணக்கு எழுதி வச்சவரோ?"

கொறற்றி சிரித்துக்கொண்டு கேட்கத் தொடங்கினாள், சிரித்துக்கொண்டு முடிக்கவில்லை. சுவாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இல்லையாம், அக்கா. நிலவுக்கு மட்டுந்தானாம்."

ஆகையால் அண்ணை, நாள் கிடைத்துவிட்டது. வாற திரயோதசியில் உங்கள் சொற்படி என் புருசனுக்குப் படைத்து, பொட்டையும் எடுத்துவிடுவேன். இனி என்னை நினைத்து அண்ணியிடம் மூக்கால் அழாதேங்கோ.

அண்ணிக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் மூக்குத்தூளுக்கு என் தும்மல்.

இப்படிக்கு,
சொல்வழி கேட்கும் தங்கை,
செல்லம்

பி.கு.: முத்திரை வாங்கப் பிந்தியதில் திரயோதசியும் வந்து போய்விட்டது. அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு எல்லாம் வைத்தேன். படைக்கும்போது அவருடைய பெயர் வாயில் வரவில்லை, அண்ணை. சமைத்ததை வீணாக்கலாமோ? சுவாமியாரின் கிழவருக்குப் படைத்துவிட்டேன். துறவி, திதி செய்யப் பிள்ளைகுட்டி இல்லை. செத்ததிலும் சந்தேகமில்லை. பொட்டு இருக்கிறது.