உயிரோடிருக்கும் ஆமைக்கு வந்த அனுதாபச் செய்தி

அன்பும் மதிப்பும் நிறைந்த அண்ணனுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று கேட்கத் தேவையில்லை. நேற்று போனில் போட்ட சத்தத்திலிருந்தே உங்கள் நுரையீரல் இரண்டும் நல்ல நிலையில் இருப்பது தெரிந்துவிட்டது. அண்ணியும் நலமாக இருப்பார். பூனையும் நலம்தான், அது இறந்துபோனதாக உங்களுக்குச் செய்தி வந்ததே தவிர, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் நீங்கள்தான் பேசுவீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் விலங்கு மருத்துவமனைக்கு டாக்டரம்மா ஒரு செல்போன் செயலி செய்யச் சொல்லியிருந்தார். நாய், பூனை வளர்ப்பவர்களுக்குத் தடுப்பூசித் தேதியெல்லாம் தானாகச் செய்தியாகப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. செயலி செய்தவர் எது கெட்டாலும் "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லுகிறவர்; அதனால் இங்கே அவருக்கு 'எங்கபக்கம்' என்றே பெயர். பதிவு மேசையின் டேட்டாபேஸில் இருக்கிற விவரங்கள் ஜேசான் என்கிற வடிவத்துக்கு மாறி அவருடைய செயலிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஜேசான் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு ஜோடி அடைப்புக்குறி, அதற்குள் 'பெயர்' என்று எழுதி முக்காற்புள்ளி வைத்து அதன் பெயர், 'வயது' என்று எழுதி முக்காற்புள்ளி வைத்து அதன் வயது, இப்படியே வரிசையாக. சர்வரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது நாலைந்து வரிக் கட்டளை, எழுதி வைத்தால் அது இந்த வேலையைச் செய்துவிடும். இத்தனை வருடமாக இந்தப் பதிவுகளை உள்ளே போட்டவள் நான், வெளியே எடுக்க எனக்குத் தெரியாதா என்று நானே படித்து, நானே எழுதினேன். அப்போதே நீங்கள், "உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை? மேசையில உக்காந்தமா, டோக்கன் குடுத்தமான்னு இரு" என்றீர்கள். அதை நான் மறக்கவில்லை.

முதல் தடவை ஓட்டியபோது வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டவன் மாதிரி வெறும் வெள்ளைத் திரை நின்றது. தோண்டித் துருவிப் பார்த்தால், எனக்கு முன்னால் இந்த மேசையில் இருந்தவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஒரு கிளியின் பெயரில் பாதி எழுத்து உடைந்து கிடந்தது. அந்த ஒரு எழுத்து புரியாத கோபத்தில் ஸ்கிரிப்ட் மொத்தப் பிராணிகளையும் தர மறுத்திருக்கிறது. குடம் பாலுக்குத் துளி விஷம். கிளியைச் சரிசெய்தேன். அடுத்து எல்லாம் வந்தது, ஆனால் தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் சாய்கோடும் எண்ணுமாக நசுங்கி வந்தன. தமிழைத் தமிழாகவே விடு என்று அதற்கு ஒரு சொல் சேர்த்தேன், விட்டது. 'எங்கபக்கம்' வாங்கிப் பார்த்துவிட்டு, "அழகா வந்திருக்கும்மா" என்றார். இதை நீங்கள் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காலை வந்தது. எங்கள் பதிவில் 'இறந்துவிட்டதா' என்று ஒரு கட்டம் உண்டு. இறந்திருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். என் ஸ்கிரிப்ட் அந்தப் பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் மேற்கோள்குறி போட்டு, அதை எண்ணாக இல்லாமல் எழுத்தாக அனுப்பியிருக்கிறது. செயலியோ கட்டத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்குமாம். எழுதியிருக்கிறது, ஆகவே இறந்துவிட்டது. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்பது பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும், அந்தச் செயலிக்குத் தெரியவில்லை, பழி என் மேல். நான் கதவைத் திறப்பதற்குள், எங்களிடம் பதிவு செய்த அத்தனை பேருக்கும், "தங்கள் செல்லப் பிராணியின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று செய்தி போய்விட்டது.

வரவேற்பறை நிரம்பி வழிந்தது. எல்லோர் மடியிலும் உயிருள்ள பிராணி. செத்த வீட்டுக்கு வந்தவர்கள்போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நாய்கள் மட்டும் குதூகலமாகக் குரைத்துக்கொண்டிருந்தன. ஆமை வளர்க்கிற தையல்காரம்மா கையெல்லாம் மண்ணோடு வந்தார். "அது ரெண்டு நாளா அசையவே இல்ல. மெசேஜும் வந்துடுச்சு. சரி, டாக்டருக்குத் தெரியாததான்னு குழி தோண்டிட்டேன். உள்ள வைக்கும்போது தலைய நீட்டி என்னைப் பாக்குது" என்றார். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன்.

இத்தனையையும் தாங்கிக்கொண்டேன். ஒருவரைத்தான் தாங்க முடியவில்லை. தன் நாயை எங்கள் மருத்துவமனையோடு சேர்ந்த நாய் விடுதியில் விட்டுவிட்டு வெளியூர் ஓடுகிற லாரி ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். வாயைத் திறந்தால் அதட்டல்தான். அவர் பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். தெருவை அடைத்து லாரி, அதற்குப் பின்னால் வரிசையாக ஹாரன் சத்தம். அவர் உள்ளே வந்து, நான் வாயைத் திறப்பதற்குள், "மூடி வச்சிருந்தா கொஞ்சம் தொறந்து காட்டும்மா. மொகத்த மட்டும் பாத்துக்கறேன்" என்றார். நான் விடுதிக் கதவைத் திறந்தேன். நாய் பாய்ந்து வந்து அவர் நெஞ்சில் இரண்டு கால்களையும் வைத்தது. அவர் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சீக்கிரம் வந்துடறேன்னு இவங்கிட்ட சொல்லிட்டுப் போனேன். பொய் சொல்லிட்டமேன்னு வழியெல்லாம் நெனச்சிட்டே வந்தேன்" என்றார்.

"கம்ப்யூட்டர் தப்பு இல்லீங்க. நான் எழுதினதுலதான் தப்பு" என்றேன்.

"போகட்டும்மா. தப்பான சேதியாத்தானே வந்துச்சு. சரியான சேதியா வந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

அண்ணா, அவரிடம் தப்பை ஒப்புக்கொண்டேன். மற்றவர்களிடம் ஒப்புக்கொள்ள மாட்டேன், உங்களிடம் நிச்சயமாக மாட்டேன். ஏனென்றால் அன்று மத்தியானம் டாக்டரம்மாவின் அறையில் என்ன நடந்தது என்று பாதி உங்களுக்கே தெரியும். 'எங்கபக்கம்' கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. பதிவு வேலையையும் நாங்களே எடுத்துக்கறோம், இவங்களுக்கும் சிரமம் கொறையும்" என்கிறார். டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை உருட்டுகிறார். அந்த நேரம் பார்த்து நீங்கள் அவருக்குப் போன் போட்டு, "என் தங்கச்சிக்கு இதெல்லாம் வராது டாக்டர், நான் வந்து பாத்துக்கறேன்" என்கிறீர்கள். எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது அடுத்த வீட்டுக்காரன் இல்லை, கூடப் பிறந்தவன்.

நான் எழுந்திருக்கவில்லை. "வெளிய உக்காந்திருக்கறவங்க எல்லாரும் வந்து குடுத்த வெவரம் இது. எந்த நாய்க்கு எந்த மருந்து ஆகாதுன்னு எனக்குத் தெரியும். இந்த நாற்காலிய யாருக்கும் குடுக்கறதா இல்ல" என்றேன். மடிக்கணினியை அந்த மேசையிலேயே திறந்து, எண் மாதிரி இருப்பதையெல்லாம் எண்ணாகவே அனுப்பு என்று ஸ்கிரிப்டில் ஒரு சொல் சேர்த்து, இருவர் கண்முன்னாலேயே ஓட்டினேன். மேற்கோள்குறிகள் உதிர்ந்தன, பூஜ்யம் பூஜ்யமானது, ஆமைக்கு உயிர் வந்தது. 'எங்கபக்கம்' காலை இறக்கினார். டாக்டரம்மா, "அப்ப இவங்களே பாக்கட்டும்" என்றார்.

இன்று தடுப்பூசி நாள். காலையிலிருந்து ஒரு புகார் இல்லை, ஒரு போன் இல்லை, வரவேற்பறை கோயில் மாதிரி அமைதியாக இருக்கிறது. அந்த அமைதியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆகவே நீங்கள் வர வேண்டாம், அறிவுரை அனுப்ப வேண்டாம், டாக்டரம்மாவின் எண்ணை உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். உங்கள் தங்கைக்கு இதெல்லாம் வரும். வந்துவிட்டது.

அண்ணிக்கு என் அன்பு. உங்களுக்கு நிதானமும், பூனைக்கு நீண்ட ஆயுளும் கிடைக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது 'எங்கபக்கம்' கூப்பிட்டார். அவர்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறதாம். எண் மாதிரி இருப்பதையெல்லாம் எண்ணாக மாற்றச் சொன்னேன் அல்லவா, தொலைபேசி எண்களும் எண் மாதிரிதான் இருந்திருக்கின்றன. முன்னால் நின்ற பூஜ்யத்தையெல்லாம் ஸ்கிரிப்ட் உதிர்த்துவிட்டது. பூஜ்யம் போன எண்ணுக்குச் செயலி எதையும் அனுப்பாதாம்; தடுப்பூசிச் செய்தி ஒருவருக்கும் போகவில்லை. அமைதிக்குக் காரணம் அதுதான். டாக்டரம்மா ஊசிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, "என்னம்மா, ஒருத்தரையும் காணோம்?" என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் ஆள் மூலம் அனுப்புகிறேன். உங்களை வரச் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் இந்தப் பக்கம் தற்செயலாக வந்தால், மருந்துக் கிடங்குப் பக்கத்துப் பின்கதவு திறந்திருக்கும். அண்ணியையும் அழைத்து வாருங்கள். அவர் முன்பக்கமாக வந்து டாக்டரம்மாவைப் பேச்சில் பிடித்து வைத்துக்கொள்ளட்டும்.