ஆறரை மணிக் கப்பலும் ஹரிமா அம்மையாரின் வணக்கமும்

வணக்கத்துக்குரிய சுமியே அக்கா அவர்களின் சமூகத்துக்கு,

தம்பி தமோத்சு தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது. புது அரிசி வந்து, காலைக் காற்றில் குளிர் தட்டத் தொடங்கிவிட்ட இந்நாளில் தாங்கள் நலமே இருப்பீர்கள் என நம்புகிறேன். நானும் மனைவி யோஷினோவும் தங்கள் கருணையால் நலம். (நான் தொகுத்த ‘அலுவலகத்தில் பணிவாகப் பேசுவது எப்படி’ கையேட்டில் அக்டோபர் மாதத்துக்கு இப்படித்தான் தொடங்கவேண்டும், பக்கம் 7.)

இன்று காலை பத்து மணிக்குத் தங்கள் திருமணம் நடந்து முடிந்திருக்கும். மணப்பெண் பக்கத்து ஆள் என்று இருக்கும் ஒரே ஆளான நான் அங்கே இல்லை. அத்தான் போய் ஒன்பது வருஷம் தனியாகக் கிடந்துவிட்டு, அறுபத்தாறு வயதில் துணிந்து தீவு மீனவர் கசாமாவைக் கட்டிக்கொள்ளும் அக்காவுக்குப் பக்கத்தில் நிற்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. போனில் மன்னிப்புக் கேட்பது மரியாதையாகாது (பக்கம் 19) என்பதால் வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதுகிறேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை அக்கா.

நடந்தது இது. எங்கள் பிரிவுத் தலைவி ஹரிமா அம்மையார், பதினேழு வருஷத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தபோது, அவருக்குக் குனியக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். சக ஊழியருக்கு லேசாக, மேலதிகாரிக்கு இன்னும் கொஞ்சம், தப்புச் செய்திருந்தால் எதிரிலிருப்பவரின் செருப்பு தெரியும்வரை. போன வருஷம் நான் ஓய்வுபெற்று, மறுநாளே அதே நாற்காலியில் ஒப்பந்த ஊழியனாக உட்கார்ந்தேன். அவர் எனக்கு மேலதிகாரி, நான் அவருக்கு ஆசான். அன்றைக்குப் பிடித்தது சனி. லிஃப்டில் யார் முதலில் ஏறுவது என்று நாங்கள் இருவரும் வழிவிட்டுக்கொண்டே நின்றதில் அது மூன்று தடவை மேலே போய்க் கீழே வந்தது. பிப்ரவரியில் என் மேஜைக்கடியிலிருந்த ஹீட்டர் புகைந்தபோது, மேலதிகாரிக்குத் தகவல் சொல்லும் முறைப்படி நான் மின்னஞ்சல் எழுதினேன். ‘பிளம் பூக்கள் மலரும் இவ்வேளையில்’ என்று தொடங்கி, வேலை நடுவே தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டு, புகை விஷயத்துக்கு நான் வருவதற்குள் திரைச்சீலை பாதி எரிஞ்சுபோச்சு. நல்ல வேளை, அவர் பதில் எழுதத் தொடங்கவில்லை.

நேத்து வெள்ளிக்கிழமை. தீவுக்குப் போற கடைசிக் கப்பல் ஆறரைக்கு, அதை விட்டா இன்னிக்கு மதியம்தான்னு உங்களுக்குத் தெரியாததில்ல. துறைமுகம் எங்க ஆபீஸிலேர்ந்து அஞ்சு நிமிஷ நடை. கல்யாண உடுப்பு, உங்களுக்குப் பிடிச்ச அவரை இனிப்பு எல்லாம் பையில. ஆறு மணி அடிச்சதும் எழுந்து நின்னு, “அம்மா, உங்களுக்கு முன்னாடி கிளம்புற பிழையைப் பொறுத்துக்கணும்”னு குனிஞ்சேன்.

அதோட போயிருக்கலாம். ஹரிமா துள்ளி எழுந்துட்டார். “ஐயையோ, ஐயா! உங்களை இவ்வளவு நேரம் உட்கார வச்சது என் பிழை இல்லீங்களா!” என்னைவிடத் தாழக் குனிஞ்சார். மேலதிகாரியின் தலை நம் தலைக்குக் கீழே இருக்கும்போது முதுகைக் காட்டாதேன்னு பக்கம் 31ல எழுதினது எந்த மடையன்? நான்தான். அதனால நான் இன்னும் குனிஞ்சேன். “நீங்க முதல்ல கிளம்புங்கம்மா.” “ஆசான் இருக்கையில நான் கிளம்புறதா? நல்லாயிருக்கு ஐயா!” சரின்னு ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி எழுந்தோம். எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போக முடியாம மத்த ஒன்பது பேரும் சும்மாவே தட்டச்சு பண்ணிக்கிட்டிருந்தாங்க. கன்னம் வீங்கி, பல் டாக்டர்கிட்ட போகவேண்டிய மோரிவாக்கி, “எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க”ன்னு வாயைத் திறக்காமலே சொன்னார். மூணாவது தடவை நான் குனிஞ்சிருக்கிறப்பதான் கப்பல் ஊதிச்சு.

எங்க கட்டடத்தைப் பெருக்குற தோமேக்கோ வாளியோட உள்ளே வந்தா. “என்னய்யா இது, ஆபீஸா, எழவு வீடா? போறவங்க போய்த்தொலைங்க, நான் கூட்டணும்!”னு விளக்கை அணைச்சா. ஒரு நிமிஷத்துல பதினோரு பேரும் வெளியே. மோரிவாக்கி ஓடவே ஓடினார். படியில ஹரிமா ரொம்பக் கனிவா, “வார இறுதிக்கு எங்கேயாவது போறீங்களா ஐயா?”ன்னு கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு, “ஒண்ணும் விசேஷமில்லீங்க”ன்னேன்.

அக்கா, அந்த ஆபீஸ்ல யாருக்கும் யார்மேலயும் மரியாதை கிடையாது. பயம்தான் இருக்கு. அந்தப் பயத்துக்கு நாற்பத்தெட்டுப் பக்கத்துல சட்டை தைச்சுக் கொடுத்தவன் நான். உங்க பக்கத்துல நிக்கவேண்டிய நேரத்துல எவளோ ஒருத்தியோட செருப்பைப் பார்த்துக்கிட்டு நின்னேன். என்னால அதைத் தாங்க முடியல.

தங்கள் புது இல்வாழ்வு அடுப்பணையாமல், வலை வெறுமையாகாமல் நீடிக்க வேண்டுகிறேன். கசாமா அவர்களுக்கு என் பணிவான வணக்கம்.

தாழ்மையுள்ள தம்பி,
தமோத்சு

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தாங்களே போன் செய்துவிட்டீர்கள். தாங்கள் சொன்னதைத் தங்களுக்கே எழுதுவது கிறுக்குத்தனம்தான், ஆனால் எழுதியதைத் திருத்தாமல் அனுப்பக்கூடாது (பக்கம் 22). “டேய், கல்யாணம் நடக்கலடா! உன் இடம் காலியா இருக்கேன்னு கசாமாவோட அண்ணன் உட்காரல. அவர் நிக்கிறப்ப பூசாரி உட்காரல. பதினாலு பேரும் ‘நீங்க உட்காருங்க, ஐயோ நீங்க முதல்ல’ன்னு நின்னதுல மதியக் கப்பல் வந்து பூசாரி ஏறிப் போயிட்டார். அடுத்த சனிக்கிழமை வச்சிருக்கு. அப்பவும் வரலைன்னா உனக்கு அக்காவே கிடையாது!” என்றீர்கள். ஆகவே மேலே எழுதிய மன்னிப்பு முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கே வந்து விளக்கை அணைக்கும்படி தோமேக்கோவிடம் கேட்கப்போகிறேன். அந்த அம்மாளின் மனம் நோகாமல் கேட்பதற்கு ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று பக்கம் வந்திருக்கிறது, இன்னும் விளக்கு விஷயத்துக்கு வரவில்லை.