மூன்றாவது சூடு

"மச்சான், ஒங்க பல்லுப்பொடி நல்லாத்தான் இருக்கு. என்ன, கொஞ்சம் நறநறங்குது," என்றபடி குளியலறையிலிருந்து வந்தான் கணேஸ். வாயெல்லாம் கறுப்பு.

தனபாலனுக்கு உயிர் போய்த் திரும்பியது. முகம் கழுவும்போது கண்ணாடித் தட்டில் வைத்து மறந்த போத்தல் அது. புசல்லாவைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த மைத்துனனுக்கோ, கரித்தூள் என்றால் அது பல்லுக்குத்தான்.

"அது கல்லுத்தூள்டா! பேராதனை லேப்ல இருந்து பத்திரமா இருக்கட்டும்னு கொண்டாந்தேன். இன்னைக்குக் கடைசிச் சூடு!"

கடலடியில் துளைத்து எடுத்த கல் அது. சூடு காட்டினால் எண்ணெய் விடும். ஆனால் கடைக்காரனைப் போலத்தான். அவசரப்படுத்தினால் கூடுதல் வெப்பம் கேட்கும். ஆறுதலாகச் சூடேற்றினால் குறைச்சலுக்கே படியும். மூன்று வேகத்தில் பேரம் பேசினால், கல் மனதுக்குள் வைத்திருக்கும் விலை வெளியே வந்துவிடும். அதற்குத்தான் ஏவற்சக்தி என்று பெயர். தனபாலன் இரண்டு பேரம் முடித்திருந்தான். மூன்றாவது முடிந்தால்தான் பட்டம். வேறு கல் கிடையாது.

ஈர விரல் பட்டுக் குழம்பிய மிச்சம் இரண்டு கரண்டி இருந்தது.

"குடுங்க, காய வச்சித் தாறேன்," என்றாள் மனைவி ஜெயராணி.

அவன் சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள், ரொட்டிச் சட்டியில் தூள் துள்ளிக்கொண்டிருந்தது.

"என்னடி செய்ற?"

"அம்பிட்டியவுல ஏது வெயிலு? நல்லா வறுத்தாச்சு. ஒரு வாசங்கூட வரல."

"இனி எங்க வரும்? எண்ணெயெல்லாம் ஆவியா ஓடியிருக்குமே!"

கணேஸ் தலையைச் சொறிந்தான். "எண்ணெய்தானே மச்சான் வேணும்? தேங்காயெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டாத் தெரியவா போகுது?"

ஒரு கணம் தனபாலனும் யோசித்தான். யோசித்தோமே என்ற வெட்கம் பேராதனை வரைக்கும் பஸ்ஸில் கூடவே வந்தது. 'பொறுப்பில்லாமல் மாதிரியை அழித்துவிட்டேன், ஆராய்ச்சியிலிருந்து விலகுகிறேன்' என்று மடியில் வைத்தே கடிதம் எழுதி முடித்தான்.

அவன் நடந்ததைச் சொல்லச் சொல்ல, பேராசிரியர் கஜனி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"மச்சான் இதால பல்லு விளக்கினாரா?"

"ஆமா மேடம்."

"பிறகு வறுத்தாங்களா?"

"ஆமா மேடம்."

"உங்களுக்கு இதுல வேற ஒண்டும் சொல்ல இல்லையா?"

"இல்ல மேடம். தப்பு என்னோடது."

அவர் பெருமூச்சுவிட்டு, கையெழுத்துப் போடப் பேனையைத் திறந்தார். தனபாலன் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தாள், தேநீர்க் கோப்பை எடுக்க வந்த ஆய்வுகூட உதவியாளர் யசோதினி.

"இதையா சேர் தூக்கிட்டுப் போனீங்க? ஒங்க தூள நான் வெள்ளிக்கிழமையே அலுமாரியில பூட்டி வச்சிட்டேன். இது முதல் ரெண்டு சூட்டுலயும் எரிஞ்சு மிஞ்சினது, கொட்டுறதுக்கு வச்சிருந்தேன். இது வெறுங்கரின்னு ஒங்க மச்சானுக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு."