மாங்கல்யப் பள்ளம்

2004-இல் புதுச்சேரி உழவர்கரையில் கிளிக்கும் சோழிக்கும் வேலை போய்விட்டது. ஜோசியர் தணிகாசலம் கம்ப்யூட்டரில் தலைவிதியைக் கோடாகப் போட்டுக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். பெயரும் பிறந்த தேதியும் சொன்னால் போதும், பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளைத் துப்பும். கோடு ஏறினால் யோகம், இறங்கினால் கண்டம். சனங்கள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சிலர் சூடமே காட்டினார்கள். விஞ்ஞானமாயிற்றே, சும்மாவா!

அந்தத் தாளால்தான் சந்திரகலாவின் கல்யாணம் நின்றது. முதலியார்பேட்டை பிரேம்குமாருக்கும் அவளுக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா செல்வாம்பாள், மனத் திருப்திக்காகப் பெண்ணின் கோட்டைப் போட்டு வாங்கினாள். நன்றாக ஏறிக்கொண்டிருந்த கோடு மூன்றாவது வருஷத்தில் தொபுக்கென்று விழுந்தது.

"இது மாங்கல்யப் பள்ளம், புருஷனுக்கு ஆகாது" என்றார் தணிகாசலம். "பள்ளம் நிரப்புற பூஜை இருக்கு. ஆனா கியாரண்டி கெடையாது."

அவர் வீட்டு வாசலில், ரோட்டில் ஒரு பள்ளம் நிரப்ப ஆளில்லாமல் கிடந்தது. அது வேறு டிபார்ட்மெண்ட் போலிருக்கிறது.

"எனக்கு ஒரே புள்ளம்மா" என்று செல்வாம்பாள் தாளோடு பெண் வீட்டுக்கு வந்து அழுதாள். அந்த ஒரே பிள்ளை அம்மாவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்திரகலாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவள் ஒரு கட்டட இன்ஜினியரிடம் பிளான் வரைகிறவள். நாள் முழுக்க டிரேசிங் பேப்பரோடு மாரடிப்பவள். செல்வாம்பாள் கொண்டுவந்த தாளிலிருந்து தன் கோட்டை அச்சு மாறாமல் அதில் பிரதி எடுத்துக்கொண்டாள். "அத்தை, பூஜையப் பத்தி கேட்டுட்டு வந்துடலாம்" என்று ஞாயிற்றுக்கிழமை செல்வாம்பாளைக் கையோடு கூட்டிப் போனாள்.

தணிகாசலம் வீட்டு வாசலில் ரேஷன் கடை மாதிரிக் கூட்டம். பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன்காரர் ஜான்-பத்திஸ்த் முகம் செத்துப்போய் வெளியே வந்தார்.

"என்னா முசியே?" என்று பிரெஞ்சு மரியாதை கொடுத்துக் கேட்டாள் சந்திரகலா.

"மூணாவது வருஷம் பள்ளமாம். பென்ஷன் நின்னுடும்ன்றாரு."

"எனக்கும் மூணாவது வருஷந்தான், படகு கவுந்துடுமாம்" என்றாள் தேங்காய்த்திட்டு மீன்காரி சின்னப்பாப்பா.

சந்திரகலா பெரியவரின் தாளை வாங்கி, அதன்மேல் தன் டிரேசிங் பேப்பரை வைத்தாள். கோட்டின்மேல் கோடு அப்படியே உட்கார்ந்தது. ஒரு நூல்கூடப் பிசகவில்லை. சின்னப்பாப்பாவின் தாளிலும் அதே ஏற்றம், அதே பள்ளம். நிறம்தான் வேறு.

"மோன் தியே, கடவுளே! இருவது வருஷம் பட்டாளத்துல மேப் பாத்தவன் நான்" என்று பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார்.

கூட்டம் தத்தம் தாளை நீட்டியது. ஏழு தாள், ஒரே கோடு. சத்தம் கேட்டுத் தணிகாசலம் வெளியே வந்தார்.

"ஏன் சாமி, என் புருஷன் சாவும் இவரு பென்ஷனும் இந்தக்கா படகும் ஒரே கோடா?" என்று கேட்டாள் சந்திரகலா.

"ஏழு பேருக்கும் ஒரே கிரக நேரம்மா. வேற பேரு சொல்லு, வேற கோடு வரும்."

"ராமலிங்கம். தொண்ணூத்தெட்டு மார்ச் பன்னெண்டு."

பிரிண்டர் துப்பியது. தணிகாசலம் கண்ணை மூடினார். "படிப்பு நல்லா வரும் புள்ளைக்கு. மூணாவது வருஷம் மட்டும் தண்ணியில கண்டம்."

சந்திரகலா அந்தத் தாளையும் வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது.

"சாமி, ராமலிங்கம் எங்க இன்ஜினியரோட ஸ்கூட்டர். அத வாங்கின தேதியத்தான் சொன்னேன். தண்ணி பூந்தா நின்னுடும், அது மட்டும் கரெக்டு."

தெருவே சிரித்தது. "கரண்ட் போச்சு" என்று தணிகாசலம் கதவைச் சாத்தினார். உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் செல்வாம்பாள் குழைந்தாள். "மனசுல வச்சிக்காதம்மா. சீக்கிரமா முகூர்த்தம் வச்சிடலாம். நாள் குறிக்க எங்க தெருவுல ஒருத்தரு இருக்காரு. கம்ப்யூட்டர்லாம் இல்ல, அசல் ஓலை."

சந்திரகலா நின்றுவிட்டாள். "மொதல்ல உங்க புள்ளைய அனுப்புங்க அத்தை. தரையப் பாக்காம என் மூஞ்சியப் பாத்து ஒரு தேதி சொல்லட்டும். அதுதான் முகூர்த்தம். சொல்லலைன்னா அவரு வேற எடம் பாக்கட்டும்."

உங்கள் பீரோவிலும் ஒரு தாள் பத்திரமாக இருக்கும். பூஜை செய்யும் முன், அதைப் பக்கத்து வீட்டுத் தாளின்மேல் ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.