ஹவாய் அண்ணனும் தேங்காய்த் தண்ணீரும்

தர்மபுரி மாவட்டத்தில் கரண்டுக்கு உரிய மரியாதையைக் கொடுத்த ஒரே மனிதர் ஹவாய் அண்ணன்தான். மற்றவர்களெல்லாம் அதைக் கூலியாள் மாதிரி நடத்தினார்கள். சுவிட்சைத் தட்டினால் வர வேண்டும், தட்டினால் போக வேண்டும். அவர் மட்டும் எட்ட நின்று, மூச்சை அடக்கி, முகத்தில் ஒரு பணிவோடு அதை அணுகுவார். பயந்தாங்கொள்ளி என்று எங்கள் தக்காளி மண்டியே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஹவாய் என்றதும் பூப்போட்ட சட்டை, கடற்கரை என்றெல்லாம் யோசிக்காதீர்கள். ஹவாய் செருப்பு. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. மாரண்டஹள்ளித் தக்காளி மண்டி ஒன்றில் அவர் லாரி ரைட்டர். எந்த லாரியில் எத்தனை பெட்டி ஏறுகிறது என்று பார்ப்பவர். வயது ஐம்பது இருக்கும். குளிக்கும்போதாவது அந்தச் செருப்பைக் கழற்றுவாரா என்று மண்டியில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. "குளிக்கும்போதுதான்யா முக்கியமா போடணும்," என்று அவரே வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் ஃபேன் போடுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். வலது கையில் ஒரு காய்ந்த மூங்கில் குச்சி. செருப்புக் காலை ஊன்றி, தலையைப் பின்னுக்கு இழுத்து, பாம்பின் வாலைத் தொடுகிறவர் மாதிரி சுவிட்சைக் குச்சியால் ஒரு தட்டு. ஃபேன் சுற்றினால் ஒரு பெருமூச்சு. வீட்டில் மிக்ஸி வாங்கியபோது மனைவியை மணைப்பலகை மேல் ஏற்றி, காலில் ரப்பர் செருப்பும் மாட்டிவிட்டாராம். சட்னி அரைக்கிற நேரம் முழுக்கப் பக்கத்திலேயே நின்று, "தண்ணிக் கையா? தொடச்சியா? நல்லாத் தொடச்சியா?" அந்தம்மா இரண்டாம் நாளே மிக்ஸியைப் பரணில் ஏற்றிவிட்டு அம்மிக்குப் போய்விட்டது.

பாப்பாரப்பட்டியில் சொந்தக்காரர் கல்யாணம். பந்தல் முழுக்கச் சீரியல் செட் மினுக்கிக்கொண்டிருந்தபோது தூறல் போட்டது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த அதே நேரம் பந்தலே இருட்டு. நாதஸ்வரக்காரர் பயந்து பாதியில் நிறுத்திவிட்டார். ஃபியூஸைக் கையில் பிடித்தபடி நம்மவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ஒண்ணும் இல்லீங்க, நீங்க கட்டுங்க, மழ வுட்டதும் போடறேன்," என்றாராம். அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடும்போது, "முகூர்த்தத்துக்கு அவசரப்பட வேணாமுங்க, சாப்பாட்டுக்கு வந்தாப் போதும்," என்று பாசமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அவரிடம் ஒரே ஒரு தத்துவம்தான் இருந்தது, என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். "ஈரமும் கரண்டும் சம்பந்திங்க மாதிரி பாப்பா. தனித்தனியாப் பாத்தா ரெண்டு பேரும் தங்கமானவங்க. ஒரு எடத்துல ஒக்கார வெச்சயோ, தொலஞ்ச!"

நான் அந்த மண்டிக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில், கம்ப்யூட்டரோடு. எங்களுக்கு ஏரியூர்ப் பக்கம் மானாவாரிக் காடு. அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் சந்தைக்கும் தவிர வெளியே போகாதவர். நான் தர்மபுரியில் டைப்பிங்கும் கம்ப்யூட்டரும் படித்ததே பங்குச்சாமியார் சிபாரிசில்தான். மண்டியில் வேலை என்றதும் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "உம்மேல ஒரு பேச்சு வந்துதுன்னா அன்னிக்கே பொட்டியக் கட்டிக்கிட்டு வந்துரணும்." வந்தால் கட்டி வைக்க ஒரு மாப்பிள்ளையும் தயாராக இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எனக்கு அந்த வேலை வேண்டும். சித்தி வீட்டில் தங்கி, என் கையால் சம்பாதித்து, யாரையும் கேட்காமல் ஒரு பேனா வாங்குகிற அந்தச் சுகம் எனக்கு வேண்டும்.

முதலாளி கம்ப்யூட்டரை வேலைக்காக வாங்கவில்லை, கௌரவத்துக்காக வாங்கினார். கண்ணாடி வைத்து ஒரு அறை, அதற்கு ஏ.சி., வாசலில் "காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்" என்று ஒரு பலகை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இருந்த இடமெல்லாம் அப்படித்தான், தூசி ஆகாது என்பார்கள். தக்காளி கொண்டுவரும் ஜனங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கன்னடம் பேசும் ஒரு பெரியம்மா என்னையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இங்கேதான் ஹவாய் அண்ணனுக்கும் எனக்கும் தகராறு. செருப்பைக் கழற்றினால்தான் உள்ளே வரலாம். செருப்பு இல்லாமல் அவர் கரண்டு இருக்கிற அறைக்குள் வரமாட்டார். அதனால் தினமும் லாரிச் சீட்டைக் கதவிடுக்கு வழியாக நீட்டிவிட்டு வெளியே நின்றே கத்துவார்.

"வெறுங்காலோட அந்தப் பொட்டிகிட்ட ஒக்காராத பாப்பா!"

"தூசி படக்கூடாதுங்கண்ணா."

"பொட்டிக்குத் தூசி பட்டாத் தொடச்சுக்கலாம். உனக்கு ஷாக் பட்டா யாரு தொடைக்கறது?"

ஆயுத பூஜை வந்தது. தராசு, எடைக்கல், டெலிபோன், லாரி என எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டர் அறையில்தான் சரஸ்வதி படம் வைத்து முக்கியப் படையல். விடிகாலையிலேயே தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள், ஏ.சி. குளிரில் அது காயவே இல்லை. நான் ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை என்பதெல்லாம் அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. "ஏம்மா, மானிட்டருக்கு நல்லாப் பெருசாப் பொட்டு வை," என்றார் முதலாளி. வைத்தேன். போட்டோகிராபர் வந்திருந்ததால் கம்ப்யூட்டரைப் போட்டு, திரை முழுக்க முதலாளி பெயர் பச்சை எழுத்தில் ஓடும்படி செய்து வைத்திருந்தேன். மூடி வைக்கும் உறையையும் முதலாளிதான் எடுக்கச் சொன்னார், போட்டோவில் பளிச்சென்று தெரிய வேண்டுமாம்.

தேங்காயையும் அவரேதான் உடைத்தார். மேசை ஓரத்திலேயே ஒரு எடைக்கல்லை வைத்து, ஒரே போடு. கேமராவைப் பார்த்துக்கொண்டே போட்டார். நல்ல முற்றின காய். தண்ணீர் விசிறி அடித்தது. கீபோர்டு முழுக்க நனைந்து, மேசைக்குப் பின்னால் வழிந்து, கீழே இருந்த ஸ்டெபிலைசர் தகரப் பெட்டிமேல் சொட்டியது. திரையில் ஓடிக்கொண்டிருந்த முதலாளி பெயர் பாதியில் அணைந்தது.

பூஜை அன்றைக்கு, படத்துக்கு முன்னால், முதலாளி பெயர் அணைகிறது. தண்ணீர் யார் கையிலிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் முதலாளி கை தப்பு செய்யுமா? எல்லாக் கண்ணும் என்மேல் திரும்பியது.

"மூடி வெச்சிருக்க வேணாமாம்மா?" என்றார் முதலாளி.

"பொட்டப்புள்ளய அங்க ஒக்கார வெச்சா இப்பிடித்தான் ஆவும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவ்வளவுதான், பேச்சு வந்துவிட்டது. இனிப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"என்னாத்தப் பாத்துக்கிட்டு நிக்கற? அணச்சுட்டு மறுக்கா போட்டுப் பாரும்மா!" என்று முதலாளி அவசரப்படுத்தினார்.

எப்படியாவது திரை மறுபடி எரிய வேண்டும் என்ற ஒரே நினைப்பில் ஈரத் தரையில் மண்டி போட்டு, மேசைக்கடியில் குனிந்து, ஸ்டெபிலைசர் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன்.

"தொடாதே!"

கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்த ஹவாய் அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். செருப்போடு. பலகையைத் தாண்டி, கோலத்தை மிதித்து, பொரியையும் சுண்டலையும் தாண்டி, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்திலேயே சுவரில் இருந்த மெயின் பெட்டிக்கு ஒரே ஓட்டம். மூங்கில் குச்சியைக் காணோம். இடது கை முதுகுக்குப் போகவில்லை. வெறுங்கையால் மெயினைப் பிடித்து இழுத்து இறக்கினார். ஏ.சி. நின்றது. குத்துவிளக்கு மட்டும் எரிந்தது.

"யோவ்! சரசுவதி முன்னால செருப்புக் காலாய்யா?" முதலாளிக்கு ஆவேசமே வந்துவிட்டது. "மொதல்ல கழட்டு! கழட்டிட்டுப் படத்து முன்னால வுழுந்து கும்புடு!"

"வுழறேனுங்க. தப்புத்தானுங்க." ஹவாய் அண்ணன் கைகூப்பினார். "தரை காயட்டுமுங்க, வுழறேன்."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அதோடு காரியம் கெட்டது. முதலாளி கத்தின கத்தில் தெருவில் போன பாலக்கோடு பஸ்ஸே நின்று பார்த்தது. "நாளையிலேந்து இந்தப் பக்கம் வராத!"

"வரலீங்க. பாப்பாவ வெளிய வரச் சொல்லுங்க. அந்த ஒயரெல்லாம் புடுங்கற வரைக்கும் மெயினப் போட வேணாமுங்க. நல்லாக் காயற வரைக்கும் யாரும் போட்டுப் பாக்காதீங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அன்று முழுக்க மண்டியில் பேச்சு செருப்பைப் பற்றித்தான். கம்ப்யூட்டர் நனைந்ததை எல்லாரும் மறந்துவிட்டார்கள். என் மேல் வர வேண்டிய பழியையெல்லாம் அந்த நீல வார்ச் செருப்பு வாங்கிக்கொண்டு போய்விட்டது.

வேலை போன மனிதர் மறுநாள் காலையிலேயே எதிரிலிருந்த டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். மண்டிக்குள் வரவில்லையே, டீதானே குடிக்கிறார், யார் கேட்க முடியும்? கண் மட்டும் கண்ணாடி அறைமேலேயே இருந்தது. நான் வெளியே தலை நீட்டினால் போதும், "போட்டயா?" என்று சைகையில் கேட்பார். இல்லை என்று தலையாட்டினால் அடுத்த டீ சொல்வார். இதற்குள் கீபோர்டுக்குள் எறும்பு குடியேறிவிட்டது. தேங்காய்த் தண்ணீர் இனிப்பை அதுகள் விடுமா?

இப்போது எங்கள் வீட்டில் லேப்டாப்பில் காபி கொட்டினால் நான் போடுகிற கூச்சலைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சுவரில் சுவிட்சை அணை, ஒயரைப் பிடுங்கு, அதையும் ஈரக் கையோடு செய்யாதே. இவ்வளவையும் செய்துவிடுவார்கள். மிச்சமிருக்கிற ஒன்றுதான் யாராலும் முடியாது: சும்மா இருப்பது. கெட்டுப்போச்சா இல்லையா என்று தெரியாமல் காத்திருக்க நம் ஆட்களுக்குப் பொறுமையே கிடையாது. "ஒரு தடவ போட்டுத்தான் பாப்பமே" என்று கை துறுதுறுக்கும். அந்தத் துறுதுறுப்பில்தான் நன்றாக இருப்பதும் கெட்டுப்போகிறது. பொருளோடு போனால் பரவாயில்லை.

சில நாளில் மண்டிக்குப் பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டர் இன்ஜினியர் வந்தார். எறும்பைப் பார்த்துச் சிரித்தார். "கீபோர்டுல பவர் கம்மி மேடம், அதத் தொட்டா ஒண்ணும் ஆகாது," என்றார். எனக்கே ஹவாய் அண்ணன்மேல் கொஞ்சம் எரிச்சல் வந்தது. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? பிறகு அவர் ஸ்டெபிலைசரைத் திறந்தார். சிரிப்பை நிறுத்திவிட்டார். மீட்டரை வைத்துப் பார்த்தார், பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். எர்த் ஒயரை யாரோ தேவையில்லை என்று வெட்டி விட்டிருந்தார்கள்.

"லைன் ஒயரு லூசாகித் தகரத்துல ஒட்டிட்டிருக்கு. தண்ணி வேற. இந்தப் பொட்டிய யாராவது தொட்டாங்களா?"

"தொடப் போனேன்."

"செருப்பு போட்டுட்டா?"

பலகையைக் காட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார்.

"அவன வரச் சொல்லும்மா," என்றார். பிறகு, "செருப்போடயே வரச் சொல்லு."

டீக்கடைக்கு ஓடினேன். ஹவாய் அண்ணன் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சேதியைச் சொல்ல வாயைத் திறந்தவள், எனக்கு நேராக இருந்த அந்தச் செருப்பின் அடியைப் பார்த்தேன். குதிகால் பக்கம் தேய்ந்து தேய்ந்து ஓட்டை. அதன் வழியாக அவருடைய பித்தவெடிப்புத் தெரிந்தது.

"அண்ணா, இது ஓட்டையா இருக்குதே!"

"ஆமா, கொஞ்ச நாளா அப்பிடித்தான். பண்டிகை கழியட்டும், புதுசு வாங்கலாம்னு இருந்தேன்."

"அன்னிக்கு இதோடதான் உள்ள வந்தீங்களா?"

"வேற ஏது?"

"ஓட்டைன்னு தெரியுமுங்களா?"

"தெரியாம என்ன? மொதக் கால் வெச்சதுமே குதிகால் ஜில்லுன்னுச்சே."

"அப்பறம் எப்பிடிங்கண்ணா வந்தீங்க?"

அவர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பயந்துக்கிட்டேதான் வந்தேன் பாப்பா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நடுத்தெருவில், டீக்கடை வாசலில், வெட்கமில்லாமல் தேம்பித் தேம்பி அழுதேன். ஹவாய் அண்ணன் பதறி எழுந்தார்.

"அட, கண்ணத் தொடச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வா பாப்பா! அங்க ரேடியோவுக்கு ஒயரு போவுது!"