எண்ணெய்த் தலையும் பாண்டிய ராஜாவும்

எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கக் காத்திருப்பவரிடம் வரலாறு பேசக் கூடாது. எம்.ஏ. வரலாறு படித்த எனக்கு இதை எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரவில்லை.

போன சாரல் சீசனுக்கு என் கணவரின் அக்கா, குடும்பத்தோடு சூரத்திலிருந்து தென்காசிக்கு வந்திருந்தார். மதினியும், அவர் கணவரான சுரண்டைக்கார அண்ணனும், மகள் தர்ஷினியும். ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் குற்றாலம் போகக் கிடைத்தது ஒரே ஒரு காலைப் பொழுது, சாயங்காலம் ரயில். மே மாத விடுமுறையில் வந்தபோதெல்லாம் தர்ஷினி அருவியில் பார்த்தது வெறும் பாறையைத்தான். இந்தத் தடவை நிச்சயம் குளிப்பேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். விடிந்ததும் நீச்சல் உடையோடு தயாராக நின்றாள். மதினி எல்லோர் தலையிலும் நல்லெண்ணெயைக் கவிழ்த்தார். (கவிழ்த்தார் என்பது மிகையில்லை. அண்ணனின் கண்ணாடி மூக்கில் நிற்க மறுத்தது.)

கார் கோயில் கோபுரத்தைக் கடக்கும்போது அண்ணன் சும்மா இருக்காமல், "உங்க தென்காசில அருவியும் புரோட்டாவும் விட்டா வேற என்னம்மா இருக்கு?" என்றார். வெறும் கேலிதான். ஆனால் படிப்பு முடிந்த கையோடு கல்யாணம், பிறகு பிள்ளை என்று ஆனதில், பாண்டிய வம்சத்தைப் பற்றி என்னிடம் யாருமே எதுவும் கேட்டதில்லை. எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த எம்.ஏ. எழுந்து உட்கார்ந்தது. ஐந்து நிமிடம் என்று சொல்லிக் காரை நிறுத்தினேன்.

குளிக்காமல் எண்ணெய்த் தலையோடு கோயிலுக்குள் வரமாட்டேன் என்றார் மதினி. புத்தியுள்ளவள் அத்தோடு விட்டிருப்பாள். நான் எல்லோரையும் கோபுரத்துக்கு வெளியே வரிசையாக நிற்க வைத்தேன். பாண்டியர் மதுரையை இழந்து தெற்கே வந்தது, விசுவநாதருக்கு இங்கே கோயில் எழுப்பியது, கோபுரம் பிளந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது, நம் காலத்தில்தான் மறுபடி எழும்பியது என்று சொன்னேன். அதோடு நிறுத்தாமல், கோபுரத்தின் கல் அடித்தளத்தைக் கீழிருந்து ஜகதி, குமுதம் என்று வரி வரியாக விளக்கினேன். வாசல் காற்று எண்ணெயை எல்லோர் கண்ணுக்குள்ளும் ஊதியது. கோயிலுக்கு வந்தவர்கள் கோபுரத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துப் போனார்கள்.

அருவி எப்போது என்று தர்ஷினி இரண்டு தடவை கேட்டாள். இதோ, இதோ என்றேன்.

"இந்தக் கோயிலைக் காப்பாத்துறவங்க கால்ல விழுதேன்னு ராஜாவே கல்லுல வெட்டி வச்சிருக்காரு அண்ணே."

அண்ணன் கைகூப்பினார். "நாங்களும் உன் கால்ல விழுதோம்மா. குளிக்கப் போவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே யாளியைப் பற்றி ஆரம்பித்தேன்.

இப்போது யோசித்தால், அது பாண்டியர் மேல் இருந்த பற்று மட்டுமில்லை என்று தெரிகிறது. இடுப்பில் இருந்த என் மகனுக்கு அப்போதுதான் சளி குறைந்திருந்தது. அருவிக்குப் போனால், பிள்ளையையும் தண்ணீரில் காட்டு என்பார் மதினி. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ராஜாக்கள் நீள நீள, அருவி தள்ளிப்போனது.

குற்றாலத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். மலையில் மழை. மெயின் அருவி, பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டிச் செம்மண் நிறத்தில் கொட்டியது. ஐந்தருவியிலும் தடையாம். பிள்ளை சூரத்திலிருந்து வந்திருக்கிறாள் என்று மதினி போலீஸ்காரரிடம் கெஞ்சினார்.

"அரை மணிக்கு முந்தி வந்திருக்கக் கூடாதாம்மா? அதுவரைக்கும் எல்லாரும் குளிச்சிட்டுத்தான இருந்தாவ."

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பி ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. தர்ஷினி அழவில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு, முகத்தில் தெறித்த துளிகளைத் துடைக்காமல் அருவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. எண்ணெய் வடிய எல்லோரும் அடிபம்புக்கு வரிசையில் நின்றார்கள். சீயக்காயை நான்தான் கரைத்தேன். கரைக்கும்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்றும் நான் எங்காவது கிளம்பத் தாமதித்தால் என் கணவர் வாசலில் நின்று, "ஏட்டி, பாண்டியர் மதுரையை விட்டுக் கிளம்பிட்டாங்களா?" என்கிறார். குடும்ப வாட்ஸ்அப்பிலும் இதே கேள்விதான். நானும் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டு, அப்புறம் வெகுநேரம் அந்தத் துண்டு போர்த்திய பிள்ளையை நினைத்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சீசன் முடிவதற்குள் தர்ஷினி ஒருநாள் போன் செய்தாள். மதினிக்குத் தெரியாமல் பேசுகிறாள் போலிருக்கிறது, குரல் தாழ்ந்திருந்தது.

"அத்தை, க்ளாஸ்ல நான் குளிச்சேன்னு சொல்லிட்டேன். தலையில விழும்போது எப்படி இருக்கும்? எல்லாரும் கேக்காங்க."

எனக்குத் தெரியவில்லை. தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டும், பயத்தில் நான் ஓரத்தில் நின்று சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டவள்தான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் மகனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி அருவிக்கு நேர் கீழே போய் நின்றேன். தோளில் கூழாங்கல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி இருந்தது. மூச்சு ஒரு கணம் நின்று, திரும்ப வந்தது. காதில் வேறு எந்தச் சத்தமும் இல்லை.

தலை துவட்டக்கூடப் பொறுமையில்லாமல் போன் போட்டு எல்லாவற்றையும் படபடவென்று சொன்னேன்.

"மெதுவாச் சொல்லுங்க அத்தை," என்றாள் தர்ஷினி, "எழுதிக்கிடுதேன்."